பின்வாசல் தாழ்ப்பாள்

காட்டுப்பாக்கம்
9 ஆகஸ்டு 1937

அன்புள்ள அண்ணன் துலுக்கானத்துக்கு உன் தங்கை நாகவல்லி எழுதிக்கொண்டது. நானும் உன் மாப்பிள்ளையும் சுகம். கறவை மாடு சுகம். உன் சுகத்துக்கு நீதான் பதில் எழுத வேண்டும். போன பொங்கலுக்கு வந்தபோது இருமிக்கொண்டே இருந்தாயே, அது நின்றதா?

ஒரு விசேஷம். நம் ஊர் வேங்கடம்மாள் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கலெக்டர் புதுப் போர்டு போடுகிறார். மொத்தம் ஏழு மெம்பர்கள். அதில் ஒருவர் இந்த வட்டாரத்திலேயே குடியிருந்து வைத்தியம் பார்க்கிற டாக்டராக இருக்க வேண்டுமாம். பூந்தமல்லி ரோட்டில் போரூர் வரைக்கும் விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடினாலும் அப்படிப்பட்ட டாக்டர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் இப்போது என் எதிரில் உட்கார்ந்து பழைய சோற்றுக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த ஆஸ்பத்திரி லட்சணம் உனக்குத் தெரியும். சேரி ஜனங்களுக்குப் பின்பக்கத்துக் கொட்டகை. நம் பாட்டிலை மதில்மேல் வைத்துவிட்டு விலகி நின்றால் மருந்தை ஊற்றி வைப்பார்கள். உள்ளே பன்னிரண்டு கட்டில் இருக்கிறது. ஒன்றிலாவது நம் ஆள் இதுவரை படுத்ததில்லை. போன மாதம் மதுரைவீரன் சித்தப்பா குளிர்க்காய்ச்சலில் அந்தக் கொட்டகையிலேயே மழையில் கிடந்தார். இவர் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது பிடிவாதம். அந்தக் கட்டில்களை நமக்கும் திறக்க வேண்டும், அதற்குப் போர்டில் உட்கார வேண்டும் என்கிறார்.

எனக்குப் பயமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. ஆசைதான் கொஞ்சம் தூக்கல். உன் யோசனையை எழுது.

பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் காத்திருக்கும்.

உன் தங்கை
நாகவல்லி


கோலார் தங்கவயல்
22 ஆகஸ்டு 1937

அன்புத் தங்கச்சிக்கும் டாக்டர் மாப்பிள்ளைக்கும் துலுக்கானத்தின் ஆசீர்வாதம். இவ்விடம் எல்லோரும் சுகம். என் அறையில் கூட இருக்கும் தேவராஜ் சுகம். பக்கத்து லைன் வீட்டுக் கிழவி சுகம். அவள் கோழி முட்டையிட ஆரம்பித்துவிட்டது.

யோசனை கேட்டாய், சொல்கிறேன். வேண்டாம். மாப்பிள்ளை ஊசி போடுகிறார், ஜனம் பிழைக்கிறது, அது போதாதா? ஓணானை வேட்டியில் விட்டுக்கொண்டு பிறகு குடையுதே என்று கத்துவானேன். மிராசுதார் பரந்தாமனுக்குச் சரிசமமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அவர் சும்மா விடுவாரா? அந்த ஆளுக்குக் கோபம் வந்தால் வாய்க்கால் தண்ணீர் நின்றுவிடும். நீ சின்னப் பெண், உனக்குத் தெரியாது. மாப்பிள்ளை படித்தவர், அவருக்கும் தெரியாது.

பன்னிரண்டு கட்டில் என்று எழுதியிருந்தாய். எல்லாமே காய்ச்சல்காரர்களுக்கா, நெஞ்சு நோய்க்காரர்களுக்கும் கொடுப்பார்களா? சும்மாதான் கேட்டேன், இங்கே ஒரு பேச்சு வந்தது.

பத்திரமாக இருங்கள்.

துலுக்கானம்


காட்டுப்பாக்கம்
12 செப்டம்பர் 1937

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கு சுகம். பக்கத்து லைன் கோழியின் சுகம் வரைக்கும் எழுதிய நீ, நான் கேட்ட இருமலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. வாத்திச்சியிடம் இந்த வேலை செல்லாது. பதில் எழுதாத கேள்விக்கு நான் மார்க்குப் போடுவதில்லை.

உன் யோசனையை இவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு மனுவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். 'இவரைப் போர்டில் நியமிக்க எங்களுக்குச் சம்மதம்' என்று ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டால் கலெக்டருக்குச் சுலபமாக இருக்குமாம். சேரியில் எல்லோரும் போட்டார்கள். ஊரில் ஒருவரும் போடவில்லை.

வேடிக்கையைக் கேள். ஆஸ்பத்திரியில் நமக்குப் பின்பக்கம் என்றால், நம் வீட்டில் அவர்களுக்குப் பின்பக்கம். சவுக்குத் தோப்பைச் சுற்றிக்கொண்டு கொல்லை வழியாக வந்து பின்வாசலைத் தட்டுவார்கள். மருந்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு அதே வழியில் போய்விடுவார்கள். மளிகைக்கடை ஜம்புலிங்கத்தின் மகளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டபோது அவர் பின்வாசற்படியில் விழுந்து அழுதார். மகள் பிழைத்துக்கொண்டாள். மனுவை நீட்டியபோது அதே ஜம்புலிங்கம், "தப்பா நெனச்சுக்காதீங்க டாக்டரே, நான் ஏவாரம் பண்றவன்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம்.

பரந்தாமன் மிராசுதாருக்கு மூட்டுவலி. அவரும் பின்வாசல்தான். இவர் நோயாளிகளைப் பற்றி என்னிடம் மூச்சு விடமாட்டார். ஆனால் பின்வாசல் என் சமையற்கட்டை ஒட்டி இருக்கிறது, என் காதும் அங்கேயே இருக்கிறது.

நெஞ்சு நோய்க்கும் கட்டில் உண்டு, ஊர்க்காரர்களுக்கு. அந்தப் பேச்சு யாரைப் பற்றி வந்தது?

நாகவல்லி


கோலார் தங்கவயல்
17 அக்டோபர் 1937

அன்புத் தங்கச்சிக்கு, இவ்விடம் யாவரும் சுகம். பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

ஒரு நல்ல சேதி. பாறையில் துளை போடுகிற வேலையிலிருந்து என்னை மேலே மாற்றிவிட்டார்கள். இனிமேல் விளக்கு அறையில் உட்கார்ந்து லாந்தர் துடைக்கிற வேலை. பகல் வெளிச்சம், நல்ல காற்று. இருபது வருஷமாகக் குழிக்குள் கிடந்தவனுக்குப் பெரிய பதவி. மாப்பிள்ளைக்கு மட்டும்தான் பதவி வருமா?

மனு என்ன ஆயிற்று? போகட்டும் விடு.

துலுக்கானம்


காட்டுப்பாக்கம்
14 நவம்பர் 1937

அன்புள்ள அண்ணா,

கிடைத்துவிட்டது. கலெக்டர் உத்தரவு வந்துவிட்டது. 'டாக்டர் உலகநாதன், எல்.எம்.பி., போர்டு மெம்பர்' என்று அச்சில் போட்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் கையெழுத்து ஒன்றுகூட இல்லாமலே. இவர் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். நான் எடுத்துப் போய்ச் சேரியில் வீடு வீடாகப் படித்துக் காட்டிவிட்டு வந்தேன். மதுரைவீரன் சித்தப்பா தமுக்கைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். எத்தனையோ வருஷமாக மிராசுதாருக்கும் மணியக்காரருக்கும் அடித்த கை, முதல் தடவையாக நம் வீட்டுச் சங்கதிக்கு அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

இனி உன் சங்கதி. உன் கடிதத்தை இவர் வாங்கி மறுபடி மறுபடி படித்தார். பிறகு சொன்னார்: "நல்லாத் துளை போடற ஆளை மேல கொண்ணாந்து வெளக்குத் தொடைக்க ஒக்கார வெச்சா அது பதவியில்ல, நாகு. ஒங்க அண்ணாத்தேக்கு நெஞ்சுல தூசி எறங்கியிருக்குது. அவருக்கே தெரியும். அதான் கட்டில் கணக்கு கேட்டிருக்காரு."

அண்ணா, உண்மையைச் சொல். இங்கே வந்துவிடு, இவர் பார்த்துக்கொள்வார். ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைத்துப் பார்க்கிற நோய் இல்லையாம். ஆஸ்பத்திரிக் கட்டில் வேண்டுமாம், பல மாதத்துக்கு வேண்டுமாம்.

உடனே பதில் போடு.

நாகவல்லி


காட்டுப்பாக்கம்
20 டிசம்பர் 1937

அண்ணா, உன்னிடமிருந்து கடிதமே இல்லை. தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்துக் கேட்கிறேன். அவர் என்னைக் கண்டால் இப்போது வேறு சந்தில் போகிறார்.

போர்டின் முதல் கூட்டம் பொங்கல் கழித்துச் செவ்வாய்க்கிழமை. முதல் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போடாத மெம்பருக்கு இடம் போய்விடும் என்பது சட்டம். இவர் அதை நாலு பேருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். கூடவே ஒரு தீர்மானமும் எழுதி வைத்திருக்கிறார், கட்டிலைப் பற்றி. முன்பு அது சித்தப்பாவுக்காக இருந்தது. இப்போது அதை எழுதும்போது இவர் யாரை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வரி எழுது அண்ணா. திட்டியாவது எழுது.

நாகவல்லி


கோலார் தங்கவயல்
3 ஜனவரி 1938

அன்புத் தங்கச்சிக்கு, இவ்விடம் சுகம். கையில் கொஞ்சம் சுளுக்கு, அதனால் நான் சொல்லச் சொல்லத் தேவராஜ் எழுதுகிறான். வேறு ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை என்னை மனதில் வைத்துக்கொண்டு எவனோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம். எனக்கு எந்தக் கட்டிலும் வேண்டாம். அந்தக் கொட்டகையில் மழையில் கிடப்பதற்கு இங்கேயே கிடக்கலாம், இங்கே கூரை ஒழுகாது. உங்கள் இருவருக்கும் என் பொங்கல் ஆசீர்வாதம்.

துலுக்கானம்

அம்மா, இந்த வரியை நானாக எழுதுகிறேன், அண்ணாத்தேக்குத் தெரியாது. கையில் சுளுக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர்க் குழாய் வரைக்கும் நடந்தாலே உட்கார்ந்துவிடுகிறார். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகிறது. எப்படியாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள். – தேவராஜ்.


காட்டுப்பாக்கம்
12 ஜனவரி 1938

அன்புள்ள அண்ணனுக்கும் நல்ல பிள்ளை தேவராஜுக்கும்,

ஜெயித்துவிட்டோம். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

கூட்டம் பொங்கல் கழித்து என்று எழுதினேன் அல்லவா? தேதி வைக்கிற பொறுப்பு பரந்தாமன் கையில் இருந்தது; அதை முன்னாலே இழுத்துவிட்டார், போன திங்கட்கிழமைக்கு. மற்றவர்களுக்குச் சேதி போயிற்று. இவருக்கு மட்டும் தபாலில் போட்டதாகப் பேச்சு, தபால் வரவேயில்லை. திங்களன்று இவர் போகாவிட்டால் இடம் காலி, கட்டிலும் போயிற்று.

ஆனால் அந்த ஆஸ்பத்திரியைக் கட்டிய வேங்கடம்மாள் தன் உயிலில் ஒன்று எழுதி வைத்திருக்கிறாள். போர்டு கூடினால் ஊரில் தமுக்கு அடித்துத் தெரிவிக்க வேண்டும், அடிக்காத கூட்டம் செல்லாது. ஆகவே பரந்தாமனும் தமுக்கு அடிக்கத்தான் வேண்டியிருந்தது. கோயில் தெருவில் மட்டும் மெதுவாக அடி, சேரிப்பக்கம் போகாதே என்று உத்தரவு. யாருக்கு உத்தரவு? மதுரைவீரன் சித்தப்பாவுக்கு. தமுக்கைத் தொட ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

சித்தப்பா சாயங்காலம் நேராக நம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். "மெதுவா அடிக்கச் சொன்னாங்க நைனா, மெதுவாத்தான் அடிச்சேன். சேரியில அடிக்காதேன்னாங்க, அடிக்கல. ஒன் ஊட்டாண்ட வந்து குந்திக்கினு பேசாதேன்னு யாரும் சொல்லலியே" என்றார். இவர் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டுவிட்டது. தொட்டால் தீட்டு என்று தமுக்கை நம் கையில் கொடுத்தார்கள். ஊர்ச் சேதியும் சேர்ந்து நம் கைக்கு வருகிறது என்பது இத்தனை தலைமுறையாக ஒருவருக்கும் உறைக்கவில்லை.

திங்களன்று இவர் பூட்ஸ் காலோடு கோயில் தெரு வழியாகவே நடந்து முன்வாசலில் நுழைந்தார். நானும் சேரிப் பெண்களும் பின்னாலேயே போய் வேப்பமரத்தடியில் ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டோம். இவரைப் பார்த்ததும் பரந்தாமன் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஆள் விடவில்லை. "நாற்காலி ஆறுதான் கீது டாக்டரே. தாவாரத்துல பெஞ்சு போட்டு வெச்சிருக்குது, அங்க ஒக்காந்துக்குங்க" என்றார்.

"பரவால்லீங்க, நிக்கிறேன்" என்றார் இவர். நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் தலைவர் ராஜசேகரன் எழுந்தார். பென்ஷன் வாங்கின தாசில்தார், சட்டம் பேசுகிற மனுஷர். "ஒரு மெம்பர் நிற்கும்போது தலைவர் உட்கார்ந்திருப்பது முறையில்லை" என்றார். தலைவர் நின்றால் மற்றவர்கள் உட்காரலாமா? ஒவ்வொருவராக எழுந்தார்கள். கூட்டம் நின்றபடியே நடந்தது. சுண்ணாம்பு அடிப்பது, கிணற்றுக்கு ராட்டினம் போடுவது, போன வருஷ அறிக்கை என்று ராஜசேகரன் ஒன்று விடாமல் நிறுத்தி நிறுத்திப் படித்தார். அவர் வேண்டுமென்றே படித்தாரா, அவர் வழக்கமே அதுதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பரந்தாமன் வலது காலுக்கு மாறினார், இடது காலுக்கு மாறினார், மேஜையைப் பிடித்துக்கொண்டார். அவர் மூட்டைப் பற்றி அந்த அறையில் இவருக்குத்தான் தெரியும். ஜன்னலுக்கு வெளியே எனக்குத் தெரியும். இவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பரந்தாமனே கத்தினார்: "எவன்டா அங்க? ஆபீஸ் ரூம்ல ஒரு நாற்காலி கீது பாரு, எடுத்தாந்து டாக்டருக்குப் போடுடா." அண்ணா, அவர் வாயாலேயே. வேப்பமரத்தடியில் நாங்கள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டோம்.

உட்கார்ந்ததும் இவர் தீர்மானத்தைப் படித்தார். 'கட்டில் நோயைப் பார்த்துக் கொடுக்கப்படும், தெருவைப் பார்த்து அல்ல.' அவ்வளவுதான் தீர்மானம். இவர் கை, தலைவர் கை, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கை என்று மூன்று எழுந்தன. எதிர்ப்பக்கத்திலும் மூன்று. மிச்சம் இருந்த ஒரே மெம்பர் மளிகைக்கடை ஜம்புலிங்கம். அந்த மனுஷர் மேஜையைப் பார்த்தார், பரந்தாமனைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கையைத் தூக்கினார். "ஏவாரம் போனா போவுது" என்று அவர் சொன்னது ஜன்னல் வரைக்கும் கேட்டது.

நேற்று ஒரு தமாஷ். பின்வாசலைத் தட்டும் சத்தம். யாரென்று தெரியும், நின்ற கால் வலிக்காமல் இருக்குமா? நான் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. துருப்பிடித்து இறுகிவிட்டது, ரோட்டுப் பக்கமாக வாருங்கள் என்று உள்ளிருந்தே சொன்னேன். கொல்லையில் குடை விரிகிற சத்தம் கேட்டது. பிறகு மிராசுதார் பரந்தாமன், குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு, பட்டப்பகலில் பூந்தமல்லி ரோட்டைச் சுற்றி வந்து நம் முன்வாசல் படி ஏறினார். இவர் ஒன்றும் நடக்காததுபோல் மூட்டுக்குத் தைலம் தேய்த்து அனுப்பினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, நோயாளியைக் காக்க வைப்பது பாவம் என்று திட்டினார். திட்டட்டும். தாழ்ப்பாள் துருப்பிடித்தது பிடித்ததுதான்.

அண்ணா, இனி சாக்குக்கு இடமில்லை. முன்பக்க வார்டில், ஜன்னலோரம், ஓடு வேய்ந்த கூரையின் கீழே ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. வா.

நாகவல்லி


கோலார் தங்கவயல்
17 ஜனவரி 1938

அன்புத் தங்கச்சிக்கு,

தேவராஜ் படித்துக் காட்டினான். நாற்காலி கொண்டு வரச் சொன்ன இடத்தை மூன்று தரம் படிக்கச் சொன்னேன். சிரித்தேன், இருமினேன், மறுபடி சிரித்தேன். லைன் வீட்டுக் கிழவி பயந்து ஓடிவந்தாள்.

வேண்டாம் என்று யோசனை சொன்னவன் நான். மாப்பிள்ளை கேட்காததே நல்லதாகப் போயிற்று. தேவராஜோடு ரயிலேறுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. பின்பக்கமாக என்றால் வரமாட்டேன்.

துலுக்கானம்


வேங்கடம்மாள் தர்ம ஆஸ்பத்திரி
காட்டுப்பாக்கம்
6 பிப்ரவரி 1938

அன்புத் தங்கச்சி நாகவல்லிக்கு, கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. நேரில் நீ கேட்டால் எனக்குப் பொய் வந்துவிடுகிறது. பழக்கதோஷம். அதனால் எழுதி மதுரைவீரன் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், ஆனால் என் கை.

வந்த அன்றைக்கு முன்வாசல் படியில் மாப்பிள்ளை என் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்று படி. இரண்டில் மூச்சு நின்றது. அங்கேயே நின்று இளைப்பாறினேன். பின்னால் வந்தவர்களெல்லாம் காத்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் ஒதுங்கு என்று சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாமா என்றுகூடத் தோன்றிற்று.

பக்கத்துக் கட்டிலில் வானகரத்துக் குடியானவன் ஒருவன். முதலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் சுவரையே பார்த்தான். நேற்று திரும்பி, "இன்னாபா, தங்கவயல்ல தங்கம் நெசமாவே மண்ணுல கெடக்குமா?" என்று கேட்டான். அதிலிருந்து அவன் வாய் ஓயவில்லை.

நேற்று பரந்தாமன் வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். என் கட்டில் பக்கம் வந்ததும் எழுந்திருக்கப் போனேன், காலங்காலமாக வந்த பழக்கம். அதற்குள் மாப்பிள்ளை, "படுங்க மச்சான், நோயாளி எழுந்திருக்கக் கூடாது, இது போர்டு சட்டம்" என்றார். நான் படுத்துக்கொண்டேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.

இனி, நீ ஆகஸ்டு மாதத்திலிருந்து கேட்டு வந்த கேள்விக்குப் பதில். உடம்பு நன்றாக இல்லை, தங்கச்சி. நெஞ்சில் இறங்கிய தூசி போகாதாம், மாப்பிள்ளை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆனால் மேற்கொண்டு சேராதாம். இதே மூச்சை வைத்துக்கொண்டு பார்த்து நடந்தால் பல வருஷம் ஓட்டலாமாம். இரவில் உட்கார்ந்தே தூங்கினவன், நாலு நாளாகப் படுத்துத் தூங்குகிறேன். நேற்று இரண்டு இட்லி தின்றேன். இருமல் இருக்கிறது. பயம் போய்விட்டது.

மார்க்குப் போடு.

நாளைக்கு என்னைப் பார்க்க வரும்போது கொஞ்சம் மிளகு ரசம் கொண்டு வா. பின்பக்கக் கொட்டகை வழியாக வராதே, அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள், ஓலை தலையில் விழும்.

கட்டில் எண் ஐந்திலிருந்து
உன் அண்ணன்
துலுக்கானம்